வளவில் ஒரு போறணை

பாண் சுடுகின்ற பெரிய செங்கல் அடுப்பை இலங்கைத் தமிழர் போறணை என்பர். சிங்கள மக்கள் அதனைப் போரணுவ என வழங்குவர். பாண் என்ற சொல்லைப் போலவே இதுவும் போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல். அவர்களுடைய மொழியிலே இத்தகைய அடுப்புக்குப் போர்னோ என்பது பெயர். 1505ஆம் ஆண்டில் இத்தீவின் கரையை அடைந்த அவர்கள், 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றி, 1658இல் ஒல்லாந்தரிடம் யாழ்ப்பாணக் கோட்டையை இழந்து நீங்கினர். ஆட்சி போயிற்று, அடுப்பின் பெயர் போகவில்லை. அச்சொல்லுக்கு மூலம் இலத்தீன் மொழியின் பூர்னுஸ் என்பதாகும். இத்தாலியரும் அதனைப் போர்னோ என்றே வழங்குகின்றனர். எனவே, நேப்பிள்ஸ் நகரத்தில் பீட்சா சுடுபவர் தமது அடுப்பைக் குறிக்கின்ற சொல்லும், பருத்தித்துறையிலோ மட்டக்களப்பிலோ பாண் சுடுபவர் தமது அடுப்பைக் குறிக்கின்ற சொல்லும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளே.

உறவு சொல்லளவில் நின்றுவிடவில்லை. கி.பி. 79ஆம் ஆண்டில் வெசூவியஸ் எரிமலை பொங்கியபோது, அதன் அடிவாரத்திலிருந்த பொம்பேயி நகரம் சாம்பலுள் அடங்கிற்று. பிற்காலத்தில் அதனை அகழ்ந்தவர்கள் முப்பதுக்கும் மேற்பட்ட பேக்கரிகளை அங்கே கண்டனர். 1862இல் அவற்றுள் ஒன்றின் அடுப்பைத் திறந்தபோது, அன்று சுடுவதற்கு வைத்த 81 பாண்கள் கரியாகி, வடிவம் கெடாமல் இருந்தன. வட்டமான பாண்கள், பிட்டு உண்பதற்கு வசதியாக எட்டுக் கூறாகக் கீறியவை. அவை வெந்த அடுப்போ கவிழ்த்துவைத்த கிண்ணம் போன்ற செங்கற் குவிமாடம். முன்னே ஒரேயொரு வாய். விறகை உள்ளே வைத்தே எரிப்பர். உணவையும் அதே வாயினாலேயே உள்ளே விடுவர். நேப்பிள்ஸ் நகரின் இன்றைய பீட்சா அடுப்பும் இவ்வளவுதான். ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளில் மனிதன் அதில் மாற்றவேண்டியதாகக் கண்டது மிகச் சிறிது.

2023இல் பொம்பேயியில் வெளிப்பட்ட சுவரோவியம் ஒன்றில், தட்டின்மேல் வட்டமான அப்பமும் அதன்மேற் பழவகைகளும் தீட்டப்பட்டிருக்கக் கண்டு, இதுவே பீட்சாவின் பாட்டன் என்று செய்தித்தாள்கள் கொண்டாடின. தக்காளியோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வந்தது 16ஆம் நூற்றாண்டிலே. தக்காளியும் பாற்கட்டியும் இல்லாத அப்பத்தைப் பீட்சா என்பது பொருந்தாது என்று அகழ்வாராய்ச்சியாளர் அடக்கமாகவே கூறினர். பாட்டன் யாராயினும் ஆகுக. அடுப்பு மட்டும் ஐயமின்றி அந்நகரத்து அடுப்பே.

பீட்சாவுக்கு இவ்வடுப்பு ஏன் வேண்டும்? வீட்டு மின்னடுப்பிற் சுட்டால் ஆகாதா? ஆகும், ஆனால் வேறொரு பண்டம் ஆகும். நேப்பிள்ஸ் பீட்சாவுக்கு 2010இல் ஐரோப்பிய ஒன்றியம் அளித்த பாதுகாப்பு விதிகளின்படி, அது விறகடுப்பிலேயே வேகவேண்டும். அடுப்பின் தளம் ஏறக்குறைய 485 பாகை செல்சியசும், மாடம் 430 பாகையும் சூடேறியிருத்தல் வேண்டும். வேகும் நேரம் 60 முதல் 90 விநாடி. வீட்டு மின்னடுப்பு 250 பாகையைத் தாண்டுவதே அரிது. அந்தச் சூட்டில் மா வேகப் பத்து நிமிடம் செல்லும். அதற்குள் அதன் ஈரமெல்லாம் வற்றிப் பிஸ்கோத்துப் போலாகிவிடும். ஒன்றரை நிமிடத்தில் வெந்ததோ விளிம்பு பொங்கி, ஆங்காங்கே கருகிய புள்ளிகளுடன், உள்ளே மெதுமையாக இருக்கும். 2017இல் யுனெஸ்கோ நிறுவனம் நேப்பிள்ஸ் பீட்சாக் கலைஞரின் கைத்திறனை மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பதிவு செய்தபோது, மாவைச் சுழற்றும் கையையும், அடுப்பின் முன்னே நின்று அதனை ஆளும் திறனையும் சேர்த்தே பாராட்டிற்று.

இத்தகைய அடுப்பை வீட்டு வளவிலே தாமே கட்டிக்கொள்ளும் விருப்பம் இன்று பல நாடுகளில் ஓங்கி வருகின்றது. இலங்கையில் இவ்விருப்பத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. 2022ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் சமையல் எரிவாயு கிடையாமற் போனபோது, எரிவாயுவை நம்பியிருந்த பேக்கரிகள் பல கதவடைத்தன. விறகுப் போறணையை இடித்துவிடாமல் வைத்திருந்தவர்களுக்கு மா, சீனிக் கவலை இருந்ததேயன்றி எரிபொருட் கவலை அவ்வளவாக இருக்கவில்லை. பழைய போறணைகளைக் கட்டத் தெரிந்த மேசன்மாரோ வயதானவர்களாய்க் குறைந்து வருகின்றனர். எனவே, வீட்டு வளவில் ஒரு சிறு போறணை கட்டுவது பொழுதுபோக்கென்று எண்ணப்படினும், மறைந்துபோகும் ஒரு தொழிலின் அறிவு மேலும் சில கைகளுக்கு மாறுவதற்கு அது வழியாகின்றது.

ஆனால் ஒன்று. இவ்வாறு ஆவலோடு கட்டிய அடுப்புகளிற் பல முதல் வாரத்திலேயே வெடித்துவிடுகின்றன; வேறு பல, மணிக்கணக்காக விறகைத் தின்றும் சூடேற மறுக்கின்றன. மேசனின் கைப்பிழையை அதற்குக் காரணம் சொல்வது வழக்கம். பெரும்பாலும் பிழை அங்கில்லை. போறணை எதற்காக என்பதை அறியாமையே பிழை.

சமையலறை அடுப்பிலே தீ சமைக்கின்றது. போறணையிலோ கல் சமைக்கின்றது. தீயின் வேலை கல்லைச் சூடாக்குவது மட்டுமே. பாண் போறணையில் இது நன்கு விளங்கும். விறகை உள்ளே எரித்து, தணலை வாரி வெளியே தள்ளி, தளத்தைத் துடைத்த பின்னரே பாண் உள்ளே செல்லும். அப்போது தீயே இல்லை. பீட்சாவுக்குத் தீயை முற்றாக அகற்றாமல் ஒரு புறமாக ஒதுக்கி, அது எரிந்துகொண்டிருக்கும்போதே சுடுவர். அங்கேயும் அடியை வேகச்செய்வது செங்கல்லே. சூடேறிய தளத்திலிருந்து மாவின் அடிக்கு வெப்பம் செல்வது கடத்தலினால். சூடேறிய மாடத்திலிருந்தும் சுவாலையிலிருந்தும் மேற்புறத்துக்கு அது வருவது கதிர்வீசலினால். மாடத்தைத் தழுவி உருண்டு வாயை நோக்கி ஓடும் அனற்காற்றினால் மேற்காவுகையும் நிகழ்கின்றது. இம்மூன்றும் ஒன்றையொன்று முந்தாமல் ஒரே ஒன்றரை நிமிடத்தில் தம் வேலையை முடித்தாக வேண்டும். தளம் குளிர்ந்திருந்தால் மேலே கருகி அடி பச்சையாக நிற்கும். தளம் மட்டும் மிகச் சூடானால் அடி கரியாகிப் பாற்கட்டி உருகாது கிடக்கும்.

ஆகவே போறணை வெப்பத்தைச் சேமிக்கும் பத்தாயம் என்று கொள்க. நெல்லைச் சேமிக்கும் பத்தாயத்தில் ஓட்டை இருத்தலாகாது. இங்கே ஓட்டை கண்ணுக்குத் தெரியாது, அதுதான் இடர்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தமது யாழ்ப்பாணத்து வளவிலே போறணை கட்ட முனைகின்றார் என்று கொள்க. கனடாவிலிருந்து மகளும் பேரப்பிள்ளைகளும் நல்லூர்த் திருவிழாவுக்கு வருவதாகக் கடிதம். அவர்கள் வந்திறங்கும் அன்று மாலையே பீட்சா சுட்டுக் கொடுக்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. தந்தையோடு கூடிப் பேக்கரிப் போறணைகள் கட்டிப் பழகிய முதிய மேசனார் ஒருவரை வைகாசி மாதத்தில் அழைக்கின்றார்.

மேசனார் முதலிற் பார்ப்பது காற்றை. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் நடுப்பகுதியிலே சோளகம் தெற்கிலும் தென்மேற்கிலுமிருந்து வீசும். மாரியில் வாடை வடக்கிலிருந்து வரும். அடுப்பின் வாய் இவ்விரண்டில் எதனையும் எதிர்நோக்கலாகாது. நோக்கினால் புகை சுடுபவரின் முகத்துக்கே திரும்பும். அடுத்து வேலி. கிடுகு வேலியும் பனையோலை வேலியும் ஒரு பொறிக்குக் காத்திருப்பவை. ஓலைக் கொட்டிலும் அவ்வாறே. கொட்டிலுக்கு அருகில் நிழலாக இருக்கின்றது என்று ஆசிரியர் காட்டும் இடத்தை மேசனார் தலையசைத்து மறுத்து, வெட்டவெளியிலே தடி ஊன்றுகின்றார். மூடிய அறைக்குள் கட்டுவதும் தகாது. எரியும் தணலிலிருந்து எழும் காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்ற நஞ்சு.

பாரமும் சிறிதன்று. உள்விட்டம் 42 அங்குலம், அதாவது ஏறக்குறைய 107 சதமமீற்றர் உள்ள மாடத்துக்கு இருநூறு செங்கல்லுக்கு மேல் செல்லும். ஒரு நெருப்புச் செங்கல் மூன்று கிலோகிராமுக்கு மேல் நிறையுள்ளது. பூச்சும் காப்பும் சேர மொத்த நிறை ஒரு தொன்னை எட்டும். எனவே அத்திவாரமும், அதன்மேல் இடுப்பளவுச் சுவரும், கம்பி வைத்த கொங்கிறீற்றுத் தட்டும் வேண்டும். இப்பகுதிக்கு வடபகுதியின் சுண்ணாம்புக்கல் தாராளமாகப் போதும். ஆனால் தீயின் பக்கம் அக்கல்லை அண்டவிடலாகாது. சூளையிலே சுண்ணாம்புக்கல் வெந்து நீறாவதைக் கண்டவர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டா.

தட்டு இறுகியதும், ஆசிரியர் செங்கல்லைத் தளமாகப் பரப்பிவிடலாம் என்கின்றார்.

"அவசரப்படாதையுங்கோ மாஸ்ரர். கொங்கிறீற்றிலை கல்லை நேரை வைச்சா, நீங்கள் எரிக்கிற விறகெல்லாம் அதுதான் குடிக்கும்" என்கின்றார் மேசனார்.

அவர் சொல்வது பௌதிகவியலின் சாரம். கொங்கிறீற்று வெப்பத்தை எளிதிற் கடத்துவது, கனமானது, குளிர்ந்தது. அதன்மேல் நேரே வைத்த செங்கல்லில் எவ்வளவு சூடேற்றினாலும் அது கீழே இறங்கிக்கொண்டேயிருக்கும். அதனைத் தடுக்க, நடுவே காற்றறைகள் நிறைந்த பொருள் ஒன்று வேண்டும். கடைகளில் இதற்கென இரண்டங்குலத் தடிப்பில் கல்சியஞ் சிலிக்கேற்றுப் பலகை விற்கப்படுகின்றது. அது கிடையாதவிடத்து, வேமிக்குலைற்று என்னும் பொரிந்த கனிப்பொருள் ஐந்து பங்குக்குச் சீமெந்து ஒரு பங்கு கலந்து நான்கங்குலம் இடலாம். அதுவும் கிடையாதவிடத்து உமிச்சாம்பல். உருக்காலைகளில் உருகிய உருக்கின் சூடு போகாமற் காப்பதற்கு உமிச்சாம்பலைத் தூவுகின்றனர் என்பதை நினைத்துப் பார்த்தால், அரிசி ஆலையின் பின்புறத்திற் குவிந்து கிடக்கும் அப்பொருளின் மதிப்பு விளங்கும். மண்ணடுப்புக் கட்டும் மேனாட்டவர் சிலர், வெறும் போத்தல்களை அடுக்கி மண்ணால் நிரவி அதன்மேல் தளம் இடுவதும் உண்டு. போத்தலுக்குள் அடைபட்ட காற்றே அங்கே காப்பு.

தளத்துச் செங்கல்லுக்குச் சாந்து கிடையாது. மெல்லிய மணலும் களிமண்ணும் கலந்த படுக்கையில் வெறுமனே நெருக்கி அடுக்குவர். சூட்டிலே கல் விரிய இடம் வேண்டும்; ஒரு கல் உடைந்தால் அதை மட்டும் பெயர்த்து மாற்றவும் வேண்டும். வரிசைகளைக் கோணலாக, மீன்முள் வடிவில் அமைப்பதும் அழகுக்கன்று. நேர்வரிசையாயின் பீட்சாவை ஏந்தும் நீண்ட பிடியுள்ள துடுப்பு கல்லின் விளிம்பில் முட்டி நிற்கும். நேப்பிள்ஸ் நகரத்தவர் நெருப்புச் செங்கல்லுக்குப் பதிலாகச் சொரெந்தோப் பகுதி மண்ணிற் செய்த தடித்த சுடுமண் ஓட்டை விரும்புவர். அது வெப்பத்தை மெல்லவே விடுவதால், 485 பாகையிலும் அடி கருகுவதில்லை. நெருப்புச் செங்கல் சற்று அவசரக்காரன். அதன் தளத்துக்கு 400 பாகையளவு சூடே நன்று.

சாதாரணச் செங்கல்லால் மாடம் கட்டலாகாதா என்ற வினா எல்லோருக்கும் எழும். பழைய போறணைகள் பல அவ்வாறு கட்டப்பட்டவையே. நன்றாக வெந்த செங்கல் நெடுநாள் உழைக்கும். ஆயினும் நாள்தோறும் சூடேறிக் குளிரும்போது அதன் முகம் சிறு சிறு சில்லாக உதிரும். உதிர்ந்த சில் உணவிலே விழும். அலுமினா கூடிய நெருப்புச் செங்கல் அவ்வாறு உதிர்வதில்லை. பணம் குறைந்தவர்கள் தளத்துக்கும் மாடத்தின் உட்புறத்துக்கும் நெருப்புச் செங்கல்லை வைத்துக்கொண்டு, கீழ்ச்சுவரிலும் வெளிமுகத்திலும் சாதாரணச் செங்கல்லைப் பயன்படுத்தல் அறிவுடைமை.

இனி மாடம். செங்கல்லை இரண்டாக வெட்டி, வெட்டாத முகம் உட்புறம் நோக்க, வளையம் வளையமாக ஏற்றுவர். கற்கள் ஒன்றையொன்று நெருக்குவதே மாடத்தின் வலிமை. ஒரு வளையம் பூர்த்தியானதும் அது தானே நிற்கும். உருவம் பிசகாதிருக்க இரண்டு வழிகள் உண்டு. தளத்தின் நடுவே ஒரு கோலைச் சுழலும்படி பொருத்தி, அதன் நுனி தொடும் இடத்தில் ஒவ்வொரு கல்லையும் வைப்பது ஒன்று. ஈர மணலைக் குவித்துத் தட்டி மாடத்தின் உருவமாக்கி, அதன்மேல் கல்லை அடுக்கி, இறுகியபின் வாயினூடாக மணலை அள்ளி எடுத்துவிடுவது மற்றொன்று. மேசனாருக்குப் பழக்கம் மணல். பேரப்பிள்ளைகள் இல்லாத குறைக்கு அயல்வீட்டுச் சிறுவர்கள் வந்து அம்மணற் குன்றைத் தட்டிக் கொடுக்கின்றனர்.

சாந்து பற்றி ஒரு வார்த்தை. வெறுஞ் சீமெந்துச் சாந்து 400, 500 பாகைச் சூட்டிலே தன் பிடியை இழந்து பொடியாகும். ஆகையால் மணல் மூன்று பங்கு, சீமெந்து ஒரு பங்கு, நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, தீக்களிமண் ஒரு பங்கு என்று கலப்பர். தொடக்கத்திற் சீமெந்து பிடித்து நிறுத்தும். நாளடைவில் அது தளர்ந்தாலும் சுண்ணாம்பும் களிமண்ணும் நிற்கும். உட்புறத்து இணைப்புகள் எவ்வளவு மெலிதோ அவ்வளவு நன்று. கல்லை நீரில் நனைத்தே வைக்கவேண்டும். உலர்ந்த கல் சாந்தின் நீரை உறிஞ்சி அதனை உயிரற்றதாக்கிவிடும்.

வாயின் உயரமே இவ்வடுப்பின் மறைபொருள் எனலாம். குளிர்ந்த காற்று அவ்வாயின் கீழ்ப்பகுதியால் உள்ளே நுழைகின்றது. புகை அதே வாயின் மேற்பகுதியால் வெளியேறுகின்றது. வாய் மிக உயர்ந்தால் சூடெல்லாம் புகையோடு ஓடிவிடும். மிகத் தாழ்ந்தால் தீக்கு மூச்சு முட்டும். கனடாவிலே கியூபெக் மாகாணத்துக் குடியானவர்களின் பழைய பாண் அடுப்புகளை அளந்து ஆராய்ந்தவர்கள், வாயின் உயரம் மாடத்தின் உள்ளுயரத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு 63 பங்காக இருக்கக் கண்டனர். எழுத்தறியாத கட்டடக்காரர் பலர் பரம்பரையாகக் கண்ட அளவு அது. 20 அங்குல மாடத்துக்கு வாய் பன்னிரண்டரை அங்குலம். புகைபோக்கியை மாடத்தின் உச்சியில் வைப்பது புதியவர் செய்யும் பெரும்பிழை. அது வாய்க்கு முன்னே, மாடத்துக்கு வெளியே நிற்கவேண்டும். உச்சியில் துளையிட்டால் பத்தாயத்தின் கூரையைத் திறந்துவைத்ததாக முடியும்.

மாடத்தின் மேலும் காப்பு வேண்டும். வெப்பந்தாங்கும் இழைக் கம்பளி இரண்டு மூன்று அங்குலம் போர்த்து, அதன்மேல் பூச்சுப் பூசுவர். அவ்விழையின் தூசு சுவாசப்பைக்கு ஆகாது. மூக்கும் வாயும் மூடிக்கொண்டே அதனை வெட்டவேண்டும். கம்பளி கிடையாதவர், மாடத்தைச் சுற்றிச் சதுரச் சுவர் எழுப்பி இடைவெளியை உமிச்சாம்பலால் நிரப்பலாம். பார்வைக்கு அது அவ்வளவு அழகன்று, பயனில் குறைவில்லை.

ஆனி கழிந்து ஆடி பிறந்து பூச்சு முடிகின்றது. ஒரு வாரத்தில் விமானம் வரப்போகின்றது. வெளியே வெயிலும் சோளகமும். மூன்று நாளிலே பூச்சு வெளுத்துவிட்டது. கையை வைத்துப் பார்த்தால் ஈரமே இல்லை. ஆசிரியர் புளியம் விறகை அடுக்கி வைத்துவிட்டு மேசனாருக்கு ஆள் அனுப்புகின்றார்.

"வெளியாலை காய்ஞ்சிருக்கு மாஸ்ரர். உள்ளுக்கை இன்னும் வாளிக்கணக்கிலை தண்ணி கிடக்கு. இப்ப மூட்டினா எல்லாம் வெடிச்சுப் போம்."

"பிள்ளையள் புதன்கிழமை வந்திடுவினம், அண்ணை."

"வரட்டும். அடுப்பு எங்கையும் போகாது."

சாந்தோடும் நனைத்த கல்லோடும் பூச்சோடும் உள்ளே சென்ற நீர், வெயிலின் சூட்டுக்கு எளிதில் வெளியே வாராது. நீர் கொதித்து ஆவியாகும்போது அதன் பருமன் ஏறக்குறைய 1,700 மடங்காகின்றது. கல்லின் நுண்துளைகளில் அடைபட்ட ஒரு துளி, திடீரென அவ்வளவு இடம் கேட்டால் கல் என்ன செய்யும்? வழிவிட முடியாமல் பிளக்கும். முதல் நாளிலேயே பெருந்தீ மூட்டியவர்களின் மாடத்தில் உச்சி முதல் அடிவரை விரற்கடை அகலத்துக்கு வெடிப்பு ஓடுவது இதனாலேயே. இரண்டு மாத உழைப்பும் இருநூறு கல்லின் விலையும் ஒரு மாலைப்பொழுதிற் போய்விடும். அதன்பின் சாந்தை அப்பி மறைக்கலாமேயன்றி, மாடத்தின் ஒருமை மீளாது.

செய்யத்தக்கது இதுவே. கட்டி முடிந்து ஒரு வாரமேனும் தீயின்றி விடவேண்டும். பின்னர் ஐந்தாறு நாள், நாளுக்கு ஒரு சிறு தீ. முதல் நாள் 150 பாகைக்கு மேற்படாமல் சில மணிநேரம். பின்னர் ஒவ்வொரு நாளும் முப்பது பாகையளவு ஏற்றி, ஐந்தாம் நாளிலே 270 பாகை. சுவாலை மாடத்தைத் தொடலாகாது. சிரட்டைத் துண்டுகளும் மெல்லிய சுள்ளிகளும் இதற்குப் போதும். இக்காலத்தில் மாடத்தின் வெளிப்புறம் வியர்க்கும். வாயின் ஓரத்தில் நீர் கசியும். அதைக் கண்டு அஞ்சவேண்டா, போகவேண்டியதுதான் போகின்றது. மயிரிழை போன்ற கீறல்கள் ஓரிரண்டு தோன்றும். அவற்றுக்கும் அஞ்சவேண்டா, செங்கல் விரிந்து சுருங்கும் இயல்புடையது.

பேரப்பிள்ளைகள் வந்திறங்கிய நாளில் ஆகவே பீட்சா இல்லை; அடுப்பு உலரத் தொடங்கியதே அடுத்த நாள்தான். நாள்தோறும் பின்னேரம் ஆளுக்கு ஒரு கடகத்தில் சிரட்டை சுமந்து வந்து, தாத்தா சொன்ன அளவுக்கு மேல் ஒன்றும் போடாமல் காவலிருப்பது அவர்களுக்கு விளையாட்டாயிற்று. இளையவனுக்கு வெப்பமானி, மூத்தவளுக்குக் கொப்பி. 150, 180, 210 என்று அவள் எழுதி வருகின்றாள்.

கடைசியில் பெருந்தீ மூட்டும் நாள். விறகு ஓராண்டேனும் காய்ந்திருக்கவேண்டும். பச்சை விறகின் சூடு தன் ஈரத்தை உலர்த்துவதிலேயே கழியும். வர்ணம் பூசிய பலகையும் மருந்து ஏற்றிய மரமும் எக்காலத்தும் ஆகா. அவற்றின் புகை உணவிற் படியும். தீயை முதலில் நடுவே மூட்டுவர். சிறிது நேரத்தில் மாடம் முழுவதும் புகைக்கரி படிந்து கன்னங்கரேலென்று ஆகிவிடும். அடுப்புக் கெட்டது என்று புதியவர் நினைப்பது அப்போது. தீ தொடர்ந்து எரிய எரிய, உச்சியில் ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றும். அது மெல்ல மெல்ல விரிந்து கீழே இறங்கும். கரியும் எரிந்து போகுமளவுக்குக் கல் சூடேறிவிட்டது என்பதற்கு அதுவே சான்று. மாடம் முழுதும் வெளுத்ததும் தணலை ஒரு பக்கமாக ஒதுக்கித் தளத்தைத் துடைத்து, ஒரு சிட்டிகை மாவைத் தூவிப் பார்ப்பர். தூவியவுடன் கருகினால் சற்றுப் பொறுக்கவேண்டும். சில விநாடியிற் பொன்னிறமானால் பீட்சாவை விடலாம்.

நல்லூரிலே கொடியேறிவிட்டமையால் வீட்டில் மச்சம் இல்லை. அது குறையன்று. நேப்பிள்ஸ் நகரத்துப் பழைய பீட்சாவாகிய மரினாராவில் தக்காளியும் உள்ளியும் ஒலிவ எண்ணெயும் ஓரிகானோ என்னும் மூலிகையுமே சேரும். பெயர் கடலோரைக் குறிப்பினும் மீன் இல்லை, பாற்கட்டியும் இல்லை. முதலாவது பீட்சா துடுப்பிலிருந்து வழுக்காமல் மடிந்து விழுந்து கரியாகின்றது. எல்லா வீடுகளிலும் முதலாவது அவ்வாறே. இரண்டாவதை மூத்தவள் விடுகின்றாள். எண்பது எண்ணுவதற்குள் விளிம்பு பொங்கிவிடுகின்றது.

விருந்து முடிந்ததும் அடுப்பின் பயன் முடிந்துவிடவில்லை. நன்றாகக் காப்பிட்ட போறணையின் வாயை மரக்கதவால் அடைத்துவிட்டால், சூடு மெல்ல இறங்கி 250 பாகையில் நிற்கும்போது பாண் வேகும். இரவிலே பருப்பும் கிழங்கும் சட்டியோடு வைத்துவிடலாம். மறுநாட் காலையில் எஞ்சிய இளஞ்சூட்டில் மிளகாயும் கறிவேப்பிலையும் உலரும். ஒரு கட்டு விறகு மூன்று வேலை செய்கின்றது. காப்பில்லாத அடுப்போ பீட்சா முடிந்து ஒரு மணிநேரத்தில் ஆறிக் கிடக்கும்.

சாம்பலைப் பற்றி மட்டும் கவனம் வேண்டும். மேலே வெளுத்து ஆறியதாகத் தோன்றும் சாம்பலுக்குள் தணல் மறுநாளும் உயிரோடு இருக்கும். அதனை மூடியுள்ள தகர வாளியில் எடுத்து, நீர் தெளித்து, வேலியோரம் கொட்டாமல் வைத்திருந்து, பின்னரே வாழையடிக்கு இடவேண்டும். ஐப்பசி பிறக்குமுன் போறணையின் மேலே தகரக் கூரை ஒன்றும் வேண்டும். யாழ்ப்பாணத்தில் மழையெல்லாம் அவ்விரண்டு மூன்று மாதத்திலேயே கொட்டுவது. நனைந்த மாடத்தில் மாரிக்குப்பின் முதல் தீ மூட்டும்போதும் அந்தச் சிறு தீக்கள் ஐந்தாறு நாளுக்கு மீண்டும் வேண்டும். அவற்றுக்கான கணக்கு, மூத்தவள் விட்டுச் சென்ற கொப்பியில் இருக்கின்றது.